விலாசம் என்கிற கட்டம்

வீடற்ற ஆண்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஜார்ஜ் ஆர்வெல்லின் 'டௌன் அண்ட் அவுட் இன் பாரிஸ் அண்ட் லண்டன்' (1933). அதன் வறுமை வர்ணனைகளைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். என் அபிப்ராயத்தில் அதன் உயிர், பின்பகுதியில் அவர் எடுத்துக்காட்டும் ஒரு எளிய விஷயத்தில் இருக்கிறது. இங்கிலாந்து நாடோடி ஊர் ஊராக நடந்தது சுபாவத்தால் அல்ல. ஒரே இலவச விடுதிக்கு மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று சட்டம் இருந்ததால். சட்டம் அவனைத் துரத்துகிறது. ஊர் அவன் காலில் சக்கரம் என்கிறது.

வில்லியம் பூத் வேறு மாதிரி. சால்வேஷன் ஆர்மியை ஸ்தாபித்தவர். 1890-இல் அவர் வெளியிட்ட திட்டப்படி, தெருவில் கிடப்பவன் முதலில் நகர விடுதிக்கும் தொழிற்கூடத்துக்கும், பிறகு பண்ணைக்கும், கடைசியில் கடல் கடந்த குடியேற்றத்துக்கும் போவான். 1891-இல் எஸ்ஸெக்ஸில், ஹாட்லியில், பண்ணையும் வந்தது. மனம் இரங்கித்தான் எழுதினார், சந்தேகமில்லை. ஆனால் கட்டுக்கோப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலுடையது: அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதாநாயகன் தேறிக்கொண்டே வரவேண்டும். (நம் தொடர்கதைக்காரர்களுக்கும் இது ரொம்பப் பிடிக்கும்.)

அமெரிக்காவில் 1987-இன் மெக்கின்னி சட்டத்துக்குப் பின் பெருகிய இடைக்கால விடுதிகள் பூத்தின் பேரப்பிள்ளைகள். அதிகபட்சம் 24 மாதம். அதற்குள் குடியை விட்டு, வேலை தேடி, பணம் சேர்த்து, சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும். கேலி செய்யவில்லை. நடைபாதையில் படுத்தவனுக்குப் பூட்டு போட்ட ஒரு அலமாரி எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் இருப்பவர்கள் யோசிப்பதில்லை. ஒரு படி சறுக்கினால் மறுபடியும் நடைபாதை என்பதுதான் உறுத்துகிறது. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற மனோதத்துவக்காரர் வரிசையையே திருப்பிப் போட்டார். முதலில் சாவி, குடியை விடுவதெல்லாம் பிறகு. 2008-இலிருந்து ஃபின்லாந்து அதை அரசாங்கக் காரியமாகவே எடுத்துக்கொண்டு, பழைய விடுதிகளைத் தனித்தனி வீடுகளாக மாற்றியது. வாடகை ஒப்பந்தம் குடியிருப்பவன் பெயரில். வாடகைக்கு அரசு உதவியும் உண்டு. இதில் சொந்தக் கால் எங்கே என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு ஊழியர் வட்டியில் வீட்டுக் கடன் இருக்கிறது. அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை.

வங்கி கௌண்டரில் இருப்பவனுக்கு இந்த 24 மாதம் பரிச்சயமானதும்கூட. 2010-இல் வந்த சிறு கணக்கு விதிப்படி, எந்த அத்தாட்சியும் இல்லாதவர் போட்டோவும் கைநாட்டும் கொடுத்துக் கணக்குத் தொடங்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. 12 மாதம் செல்லும். அத்தாட்சிக்கு மனு செய்திருப்பதாகக் காட்டினால் இன்னும் 12. அப்புறம் முதல் படியிலிருந்து.

அப்படி வந்தார் ஒருவர். மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயதிருக்கும். விலாசம் என்கிற கட்டத்தில் விரலை வைத்து, "இதுல என்ன சார் போடறது?" என்றார்.

"ராத்திரி எங்க படுக்கறீங்க?"

"காப்பகத்துல. காலைல ஆறு மணிக்கு வெளிய அனுப்பிடுவாங்க. பகல்ல அது என் விலாசம் இல்லீங்களே."

காப்பகத்தின் பெயரையே எழுதினேன். கைநாட்டு வைத்தவர், மசியைத் துடைக்கத் துணி கேட்டார். பிறகு, கணக்குப் புத்தகத்தை இங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.