மரையாணிக்கும் சாதகம்

கலியாணப் பேச்சு எழுந்தால் முதலிலே சாதகத்தைக் கேட்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இப்பொழுது காரிலே பூட்டுகிற மரையாணிக்கும் சாதகம் கேட்கிறார்கள் என்று நாம் சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் பலருடைய பிழைப்பு அதிலே தங்கியிருக்கிறது.

ஜேர்மனியிலே மோட்டார் உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்யும் நிலையமொன்றில் எமது தமக்கையாரின் மகன் கணக்கெழுதுகிறான். அண்மையில் தொலைபேசியிலே பேசியபோது, "மாமா, கோயமுத்தூரிலே ஒரு சிறிய பட்டறைக்காரர் பத்து வருஷமாக எங்களுக்கு மரையாணி அனுப்புகிறார். ஒரு குறை சொல்ல ஏலாது. இப்ப அவரிட்டை, இரும்பு உருக்கினபோது எவ்வளவு காபன் வாயு வெளிவந்தது என்று கேட்டு எழுதவேண்டிக் கிடக்குது. அவர் பாவம், கடையிலே இரும்பு வாங்குகிறவர். பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு" என்று வருந்தினான்.

இது காபன் எல்லை வரியினால் வந்த வினை. ஐரோப்பிய ஒன்றியத்திலே பெருந்தொழிற்சாலைகள் தாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டுக்கு விலை கொடுக்கும் ஏற்பாடு 2005 ஆம் ஆண்டு தொடங்கியது. உருக்காலைகளுக்கு அதிலே அளிக்கப்பட்ட இலவசச் சலுகை இப்பொழுது படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. உள்ளூரார் விலை கொடுக்க, வெளியூர் இரும்பு கொடாமல் நுழைவது நியாயமன்று என்பது அவர்களுடைய வாதம். ஆகவே இரும்பு, உருக்கு, அலுமினியம், சீமெந்து, பசளை, ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2023 ஒக்டோபர் முதலாந் திகதி தொட்டுக் கணக்குக் கேட்டார்கள். 2026 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அக்கணக்குக்குப் பணமும் கேட்கிறார்கள். முதலாண்டிலே சுமை மிகச் சிறிது. 2034 இலே அது முழுமை பெறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முழுக் காராக ஐரோப்பாவுக்குப் போனால் இவ்வரி இல்லை. அதே காரின் மரையாணி தனியே போனால் வரி உண்டு. உருக்கும் அலுமினியமும் மிகுந்த ஏறத்தாழ 180 பொருள்வகைகளையும் சேர்க்கலாமென்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்தது. வலை இனி அகலுமேயன்றிச் சுருங்காது போலும்.

வரியைக் கட்டுபவர் பட்டறைக்காரர் அல்லர், இறக்குமதி செய்பவரே. ஆனால் கட்டுபவர் சும்மா இருப்பாரா? விலையைக் குறை என்பார், அல்லது சான்றைக் கொடு என்பார். சான்று கிடையாவிட்டால், நாட்டுக்கு நாடு வகுத்த பொதுக்கணக்கு ஒன்றை, மேலும் சிறிது கூட்டித் தலையிலே வைப்பார்கள். ஆண்டுக்கு ஐம்பது தொன்னுக்கு மேற்படாமல் இறக்குமதி செய்பவருக்கு விலக்கு உண்டு என்பது மெய்யே. ஆயினும் அச்சலுகை வாங்குபவரின் அளவைப் பார்த்தது. விற்பவரின் வறுமையைப் பார்த்ததன்று.

மரையாணியைக் கடைகையிலே எழும் புகை அற்பம். ஊதுலையிலே தாதிலிருந்து உருக்குச் செய்யும்போதுதான், ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. பழைய இரும்பை மின்னுலையில் உருக்கினால் அதிலும் மிகக் குறைவு. ஆகவே பட்டறைக்காரர், தாம் கண்ணாலும் காணாத ஒரு புகைபோக்கிக்காக உத்தரவாதம் சொல்ல வேண்டியவராகிறார். பெரிய தொழிற்சாலைகளுக்கு இதற்கெனத் தனி அலுவலர் உண்டு. நாலு பேர் வேலை செய்யும் பட்டறையிலே கணக்கப்பிள்ளையும் முதலாளியும் ஒருவரேயல்லவா?

எல்லையிலே இரும்பு மறிக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோம். 1990 இலிருந்து பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல், சீமெந்து, இரும்பு, மோட்டார் உதிரிப்பாகங்கள் முதலியவை குடாநாட்டுக்கு வருவது அரிதாயிற்று. எமது பழைய ஒஸ்ரின் கார், காபுரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி, மண்ணெண்ணெயிலே ஓடிற்று. தேய்ந்த பாகங்களை எமது ஊர்க் கடைச்சற் பட்டறையிலே கழிவிரும்பிலிருந்து கடைந்து தந்தார்கள். காபனைப் பற்றிய பேச்சே இல்லாத காலத்தில், காபன் குறைந்த உதிரிப்பாகம் அதுவேயாகும்! ஆனால் அதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கைத்திறன் இருந்தது, சாதகம் இல்லை.

அந்தத் தடையும் இந்த வரியும் ஒன்றென்று நாம் கூறவில்லை. அது போரின் பொருட்டு வந்தது. இது பூமி வெப்பத்தின் பொருட்டு வருவது. கடல் உயர்ந்தால் சுண்ணக்கல்லினுள்ளே கடல்நீரின்மேல் மிதக்கும் நமது கிணற்று நன்னீர் உவர்நீராகும் என்பதை அறிந்த நாம், புகைக்கு விலை வைப்பதை ஏசுவது தகாது. எமது மனக்குறை வேறு. இரண்டு நூற்றாண்டாக நிலக்கரி எரித்துச் செல்வம் சேர்த்தவர்கள், வரிப்பணத்தைத் தமது கருவூலத்திலேயே சேர்க்கிறார்கள். அதிலே ஒரு பங்கைச் சிறு பட்டறைகளுக்குக் கணக்கெழுதக் கற்பிக்கச் செலவிட்டால் என்ன?

அது வரும்வரை நாம் கைகட்டியிருத்தலும் முறையன்று. நாளை அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் உதிரிப்பாகம் செய்து கடல் கடந்து அனுப்ப விரும்பலாம். அவர் இன்றே ஒரு கொப்பியை எடுக்கட்டும். வாங்கிய இரும்பு எந்த ஆலையில் உருகியது, ஊதுலையிலா மின்னுலையிலா, எத்தனை கிலோ என்று எழுதட்டும். ஆலையின் சான்றிதழைத் தராத வியாபாரியிடம் அதைக் கேட்டு வாங்கட்டும். தொழில் கற்பிக்கும் கல்லூரிகள் கடைசல் இயந்திரத்தோடு இந்தக் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்கட்டும்.

கோயமுத்தூர்ப் பட்டறைக்காரருக்கும் தமது இரும்பு பிறந்த உலை எதுவென்று தேடிக் கண்டுபிடிக்கச் சிறிது தவணை கொடுக்கும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறோம். பத்து வருஷம் பழுதில்லாத சாமான் அனுப்பியவருக்குப் பத்து வாரத் தவணை கொடுப்பது பெரிய தருமமன்று.