பாய்ந்து பாய்ந்து சுட்டதில் அலுத்துப் போன கதை

பரீட்சை எல்லாம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் இந்த முறை ஒரு கேம் பற்றி. கேம் ஆடாதவர்கள் ஓடிவிட வேண்டாம், கடைசியில் உங்களுக்கும் ஒரு மேட்டர் இருக்கிறது :-)

கேமின் பெயர் ஸ்ட்ராங்கிள்ஹோல்ட். 2007இல் மிட்வே நிறுவனம் வெளியிட்டது. ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ 1992இல் எடுத்த 'ஹார்ட் பாயில்ட்' படத்தின் தொடர்ச்சி இது. படத்தில் இன்ஸ்பெக்டர் டெக்கீலாவாக வந்த சௌ யுன்-ஃபாட்தான் கேமுக்கும் முகமும் குரலும் கொடுத்தார். மிட்வே 2009இல் திவாலாகி, அதன் சொத்துக்களில் பெரும்பகுதி வார்னர் கைக்குப் போய்விட்டது. 2019இல் ஜிஓஜி தளத்தில் இந்த கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. பழைய லேப்டாப்பிலும் ஓடும் என்பதால் எங்கள் ஹாஸ்டல் அறைக்கும் வந்து சேர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, முதல் அரை மணி நேரம் அட்டகாசம். இரண்டு கையிலும் துப்பாக்கியோடு பக்கவாட்டில் பாய்ந்தால் நேரம் அப்படியே மெதுவாகிவிடும். இதற்கு 'டெக்கீலா டைம்' என்று பெயர். படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டே சுடலாம், தள்ளுவண்டி மேல் படுத்து உருண்டுகொண்டே சுடலாம், சரவிளக்கைப் பிடித்து ஊசலாடிக்கொண்டே சுடலாம். தூண், மேஜை, தர்பூசணி, மீன் தொட்டி என்று குண்டு பட்டதெல்லாம் சிதறும். எவ்வளவு ஸ்டைலாகக் கொல்கிறோமோ அவ்வளவு பாயிண்ட். அந்தப் பாயிண்ட் சேர்ந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் டெக்கீலா சுழன்று சுழன்று சுற்றியிருக்கும் எல்லோரையும் சுட்டுத் தள்ளுவார், பின்னால் வெள்ளைப் புறாக்கள் பறக்கும். (ஜான் வூ படம் என்றால் புறா இல்லாமலா!)

ரூம்மேட் இரண்டு பேரும் பின்னால் நின்று விசிலடித்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் ஒருத்தன் தூங்கிவிட்டான். நாலாவதில் நானே கொட்டாவி விட்டேன்.

காரணம் எளிது. மொத்தம் ஏழு அத்தியாயம். ஹாங்காங் சந்தை, தாய் ஓ மீனவர் கிராமம், பெரிய உணவு விடுதி, சிகாகோ மியூசியம் என்று இடம் மட்டும் மாறுகிறது. செய்வது ஒன்றேதான். கதவு திறக்கும், இருபது பேர் வருவார்கள், பாய்வோம், சுடுவோம். அடுத்த கதவு திறக்கும், இன்னொரு இருபது பேர் வருவார்கள். தாய் ஓவில் போதைப்பொருள் தயாரிக்கும் மேஜைகளைத் தேடித் தேடி உடைக்க வேண்டும். அரசாங்க ஆபீஸில் ஃபைல் தேடுகிற மாதிரியே இருந்தது.

அப்போதுதான் தூங்கி எழுந்தவன் கேட்டான்: "டேய், இவ்ளோ பேரைச் சுடுறியே, யாரைடா காப்பாத்தப் போற?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துத்தான் ஞாபகம் வந்தது. டெக்கீலாவின் முன்னாள் மனைவியையும் மகளையும் கடத்திவிட்டார்கள். சொந்த மகளைக் காப்பாற்றத்தான் இத்தனை ஓட்டம், அவள் பெயர்கூட எனக்கு நினைவில்லை. எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் தர்பூசணி!

சாதாரணமாக இதைச் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். முடியவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் நாங்கள் மூன்று பேரும் இதே குற்றத்துக்காக மாட்டியிருந்தோம்.

எங்கள் கடைசி வருட ப்ராஜெக்ட் ஒரு சின்ன 2டி கேம். ஹீரோ பாய்ந்தால் நேரம் மெதுவாகும். அந்த ஒரு பாய்ச்சலுக்கு மட்டும் இரண்டு மாதம் உழைத்தோம். கோட்டு பறக்கிற அழகு, தோட்டா போகிற சத்தம் எல்லாம் பக்கா. லெவல்களை மட்டும் கடைசி இரண்டு நாளில் ஒட்டினோம். ரிவ்யூவில் மேடம் முதல் நிமிடம் ரசித்தார். "நல்லா இருக்குப்பா." நாலாவது நிமிடம் கீபோர்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"அடுத்தது என்னப்பா?"

"அடுத்த ரூம், மேடம்."

"அங்க என்ன இருக்கு?"

"இன்னும் நாலு பேர் அதிகமா இருப்பாங்க, மேடம்."

மூன்று வாரம் டைம் கொடுத்து அனுப்பிவிட்டார். இதில் தேறாவிட்டால் ப்ராஜெக்ட் அரியர். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆராய்ச்சி" என்ற பெயரில்தான் ஸ்ட்ராங்கிள்ஹோல்ட் ஆட உட்கார்ந்தோம்.

கேமில் விடை கிடைக்கவில்லை, படத்தில் கிடைத்தது. மறுநாள் ராத்திரி மூவரும் ஹார்ட் பாயில்ட் பார்த்தோம். ஆஸ்பத்திரிச் சண்டையில் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட் வருகிறது. டெக்கீலாவும், டோனி லியுங் நடித்த ரகசிய போலீஸ்காரரும் வராந்தா வராந்தாவாகச் சுட்டுக்கொண்டே போகிறார்கள். அப்படியே நம் கேம்தான். ஆனால் நடுவில் டோனி லியுங் தவறுதலாக ஒரு போலீஸ்காரரையே சுட்டுவிடுகிறார். பிறகு இருவரும் லிஃப்டில் ஏறுகிறார்கள். லிஃப்ட் நகர்கிற அந்தக் கொஞ்ச நேரம் சண்டை இல்லை. என்ன செய்துவிட்டோம் என்று அவர் முகம் வெளிறி நிற்கிறது. கதவு திறந்ததும் மறுபடி சண்டை. ஆனால் இப்போது பார்க்கிற நாம் பழைய ஆள் இல்லை.

பிறகு பிரசவ வார்டு. குழந்தைகளின் காதில் பஞ்சு வைத்து ஒவ்வொன்றாக வெளியேற்றுகிறார்கள். கடைசிக் குழந்தையை டெக்கீலா ஒரு கையில் அணைத்துக்கொள்கிறார். இனி சுட ஒரு கைதான் மிச்சம். நினைத்த இடத்தில் பாயவும் முடியாது.

அங்கேதான் எங்களுக்கு உறைத்தது. கேமில் டெக்கீலாவுக்குப் பாய்வதால் எந்த நஷ்டமும் இல்லை. மெதுவாகும் நேரம் தீர்ந்தாலும் சீக்கிரமே நிரம்பிவிடும். இலவசம் என்பதால் எப்போதும் பாய்கிறோம். எப்போதும் பாய்வதால் அது பாய்ச்சலாகவே தெரிவதில்லை. தினமும் மூன்று வேளை பாயசம் ஊற்றினால் நாலாம் நாள் ரசத்துக்குத்தானே ஏங்குவோம்?

மிச்சமிருந்த நாட்களில் புது ஸ்டைல் எதையும் சேர்க்கவில்லை. பன்னிரண்டு லெவலில் ஏழை வெட்டினோம். அடிபட்ட தம்பி ஒருவனை ஹீரோவின் தோளில் ஏற்றினோம். தம்பி தோளில் இருக்கும்போது பாய்ந்தால் அவனுக்கு வலிக்கும், உயிர் குறையும். கீழே இறக்கி வைத்துவிட்டுப் பாயலாம், ஆனால் தனியாக விட்ட தம்பியை யாராவது சுட்டுவிடலாம். அவ்வளவுதான் மாற்றம்.

இரண்டாவது ரிவ்யூவில் மேடம் மூன்றாவது லெவலில் தம்பியைப் பறிகொடுத்தார். "அய்யய்யோ!" என்றார். நாங்கள் கேட்காமலேயே மறுபடி ஆரம்பித்தார். மார்க் சுமார்தான், ஆனால் பாஸ். வீட்டுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை (இதைப் படித்தால் அப்பா மன்னிக்கவும்).

ஸ்ட்ராங்கிள்ஹோல்டை அப்புறம் முடித்தேன், தினம் அரை மணி நேரம் என்று பிரித்து. அப்படி ஆடினால் இப்போதும் அழகான கேம்தான்.

கேம் ஆடாதவர்களுக்குச் சொன்ன மேட்டர் இதுதான்: செமினாரோ, கவிதையோ, மேடைப் பேச்சோ, நம் கையில் ஒரு நல்ல பாய்ச்சல் இருந்தால் சந்தோஷம். அடுத்த ரூமில் என்ன இருக்கிறது என்று ஒருத்தர் கேட்டால் சொல்வதற்கு மட்டும் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: மகளின் பெயர் டெக்கோ. இனி மறக்க மாட்டேன்.