லோயிஸ் வெபர்: கறையும் காப்பகமும்

1921ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பிளாட்' என்னும் மௌனப் படத்தில், கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மனைவி நோயுற்ற மகளுக்காக அண்டை வீட்டுக் கோழியைத் திருட முனைகிறாள். அண்டை வீட்டாரோ காலணித் தொழிலில் வளம் கண்டவர்கள். நைந்த கம்பளத்தையும் பழுதுற்ற நாற்காலியையும் அண்மைக் காட்சிகளில் நிறுத்தி, கற்பிப்போரின் சொற்ப ஊதியம் சமூகத்தின் மேல் படிந்த கறை என வாதிடுகிறது படம்.

அதன் இயக்குநர் லோயிஸ் வெபர் (1879–1939). பென்சில்வேனியாவில் பிறந்தவர், எழுத்து, நடிப்பு, இயக்கம் மூன்றையும் ஒருங்கே கையாண்டவர். 1913இல் கணவர் பிலிப்ஸ் ஸ்மாலியுடன் இயக்கிய 'சஸ்பென்ஸ்' படத்தில், ஒரே சட்டகத்தை மூன்றாகப் பிரித்து மூவரின் செயல்களை உடனிகழ்வாகக் காட்டினார். 1916இல் வந்த 'ஷூஸ்', ஒரு சோடி காலணிக்காகத் தன்னையே விலைபேச நேர்ந்த கடைப் பணிப்பெண்ணின் கதை. மறு ஆண்டே அவர் சொந்தப் படப்பிடிப்பகம் நிறுவினார்.

1920களில் பெருநிறுவனங்களின் கை ஓங்க, அவருக்கு வாய்ப்புகள் சுருங்கின. 1934க்குப் பின் அவர் படம் இயக்கவில்லை. அவருடைய படங்களுள் பெரும்பாலானவை அழிந்தன. எஞ்சியவை குறைவு. திரை வரலாறோ நெடுங்காலம் பெரிதும் கிரிஃபித்தைச் சுற்றியே எழுதப்பட்டது.

'தி பிளாட்' தப்பிப் பிழைத்தது. தொகுப்பூதியத்தில் பணிபுரியும் விரிவுரையாளர் ஒருவர் அதை வகுப்பறையில் திரையிட்டால், அதன் வாதத்தை அவர் தனியே விளக்க வேண்டியிராது.