கம்பியில் ஒரு கோடு

கரியமாணிக்கத்தில் மூன்று காணி மல்லாட்டையும் கொஞ்சம் கரும்பும் பயிர் செய்து வந்த பெரியவர் ஒருவரிடம், உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய வகை. பன்றி இறங்கும் மாதங்களில் கொல்லையில் ராத்திரிக் காவல் இருப்பார். குண்டு போடாமல் வெறும் வெடி வைத்தாலே கூட்டம் கலைந்து ஓடிவிடும்.

ஆனாலும் துப்பாக்கியைக் கையாளுவதில் அவர் கறார். "மருந்தைக் கூட்டினா குறி கூடாதுடா, தோள்தான் வலிக்கும்" என்று மகனிடம் சொல்வார். மருந்தை ஒரே மூங்கில் குப்பியில்தான் அளப்பார். டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே மாட்டார். முந்தைய வெடியின் கங்கு உள்ளே மிஞ்சியிருந்தால் டப்பாவே கையில் வெடித்துவிடும். குண்டு போடும்போது, அது மருந்தின் மேல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்ததா என்று கம்பியால் அழுத்திப் பார்ப்பார். நடுவில் வெற்றிடம் இருந்தால் குழல் பிளக்கக்கூடும்.

கரிமருந்து எரியும்போது பாதிக்கும் மேல் புகையாகவும் கசடாகவும்தான் போகும். அந்தக் கசடு குழலுக்குள் அப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று வெடிக்குப் பிறகு குண்டு இறங்கவே அடம்பிடிக்கும், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இறுக்கத்தில் உட்காரும், குறி தவறும். இன்றும் வெளிநாடுகளில் இந்த வகை ரைஃபிளால் குறி பார்த்துச் சுடும் போட்டியாளர்கள், அடுத்த வெடிக்கு முன் ஈரத்துணியாலும் பிறகு உலர்ந்த துணியாலும் குழலைத் துடைப்பது இதனால்தான். ரைஃபிளின் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் உண்டு. கசடு அவற்றை அடைத்துவிட்டால் குண்டு சரியாகச் சுழலாது.

கசடு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். அதனால் பெரியவர் எத்தனை களைப்பாக இருந்தாலும் விடிந்ததும் வெந்நீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவுவார். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடமாட்டார். ஈரம் போகத் துடைத்து, காயவைத்து, மெல்ல எண்ணெய் பூசுவார். மறுபடி கெட்டிக்கும் முன் அந்த எண்ணெயையும் துடைத்தெடுப்பார். எண்ணெய் பட்ட மருந்து பற்றாது.

பக்கத்துப் பாகூரில் 1752-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரிலும் இப்படி வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகள்தான். சுட்டுவிட்டு மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும். முடிவைத் தந்தது துப்பாக்கி முனையில் செருகிய கத்திதான்.

பெரியவர் திடீரென்று காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் துப்பாக்கியை எடுத்தார். கெட்டிக்கும் கம்பியில் அப்பா அரத்தால் ஒரு கோடு போட்டிருந்தார். காலிக் குழலில் கம்பியை விட்டால் கோடு குழல் வாய்க்குச் சரியாக நிற்கும். மகன் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முகத்தை விலக்கிக்கொண்டு கம்பியை மெல்ல விட்டார். கோடு நாலு விரல்கடை மேலேயே நின்றுவிட்டது. உள்ளே மருந்து இருக்கிறது. அப்பா கடைசியாகக் காவலுக்குப் போகக் கெட்டித்தது. காய்ந்த கரிமருந்து பல ஆண்டுகள் ஆனாலும் வீரியம் குறையாது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர்.

மகன் அதற்குமேல் கை வைக்கவில்லை. அறையைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போய், கெட்டித்த துப்பாக்கி என்று சொல்லி, விவரம் தெரிந்தவர்களை வரவழைத்து ஒப்படைத்தார். அப்பாவின் பொருள் வீட்டை விட்டுப் போகிறதே என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வைத்திருப்பவர் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும். அப்பாவின் உரிமம் மகனுக்குத் தானாக வராது.

அதே சட்டத்தின் 13-வது பிரிவில், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க வழி இருக்கிறது. மகன் தன் பெயரில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த உரிமம் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. அதற்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

உரிமம் வரும்வரை தகர டப்பாவும் டார்ச் லைட்டும்தான் காவல். மூங்கில் குப்பியை மட்டும் அம்மா அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறார்.