நிற்கப் பழகிய கால்

பண்டார் தெங்காராவில் ஃபுட்சால் ஆடும்போது இடது முழங்காலில் 'டப்'பென்று ஒரு சத்தம். ஏசிஎல் நார் அறுந்திருந்தது. தொடையிலிருந்து தசைநார் எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார்கள்.

மூன்றாம் மாதம் வலி போனது. ஆடக் கிளம்பினேன். பிசியோ தடுத்தார். வலி போனாலும் புது நாருக்குப் பலம் வந்திருக்காது. குறைந்தது 9 மாதம் என்றார். "சொன்னா கேளுடா" என்றார் அம்மா. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

செம்பனைக் காட்டுப் பக்கம் திடலில் தினமும் தைச்சி செய்யும் சீனப் பெரியவரிடம் போனேன். பிசியோவும் சரி என்றார். அங்கிள் கற்றுத் தந்தது ஒன்றே: முழங்காலைச் சற்றுத் தளர்த்தி மரம்போல நிற்பது. ஜான் ஜுவாங். ஐந்து நிமிடத்திலேயே தொடை நடுங்கும். பல்லைக் கடிப்பேன். "ஜாஙான் லாவான்" என்பார். எதிர்த்து நிற்காதே.

தாவோ மரபில் இதை வூ வெய் என்கிறார்கள். சும்மா இருப்பதல்ல, இயல்பை மீறி வலிந்து செய்யாதிருப்பது. கட்டுமானத் தளத்தில் நானே சொல்வதுதான்: கான்கிரீட் மறுநாளே கல்லாகத் தெரியும், ஆனால் பலத்தை 28ஆம் நாளில்தான் கணக்கிடுவோம். என் காலுக்கு மட்டும் அந்த அவகாசத்தைத் தர மனம் வரவில்லை.

நாரைச் சேர்த்தது அறுவை சிகிச்சை. நிற்பது என் அவசரத்தைத்தான் ஆற்றியது. பத்தாம் மாதம் பந்தைத் தொட்டேன். காலையில் இன்னமும் போய் நிற்கிறேன்.