தலையை வைத்து ஊரை எறிந்தோம்

தபால் தலை சேர்ப்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கும் இப்பித்து உண்டு. ஆங்கிலப் பள்ளியில் படித்த நாளில் பற்றியது. முப்பது வயது கடந்தும் விடவில்லை. அப்பித்தினால் நாம் செய்த பிழையொன்றைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் மெக்சிகோ நாட்டுச் செய்தி ஒன்று. அந்நாட்டார் 1856ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தபால் தலை வெளியிட்டனர். தலைநகரில் அச்சான தலைகள் நெடுவழி கடந்து ஜில்லாக்களுக்குச் செல்லவேண்டும். வழியிலோ கள்வர் பயம். ஆகவே தலையின்மேல் ஜில்லாவின் பெயரைப் பதித்த பின்னரே விற்பதென்று ஏற்பாடு செய்தனர். பெயரில்லாத தலையைத் திருடியவனுக்கு அதனாற் பயனிராது என்பது கருத்து. 1864 முதல் ஆண்டும், அனுப்பிய கட்டின் எண்ணும் உடன் சேர்ந்தன. இன்று சேகரிப்போர் அத்தலைகளில் தேடுவது ஊர்ப்பெயரையே. படம் ஒன்று, நிறம் ஒன்று. எனினும் பெருநகரின் பெயர் இருந்தால் மலிவு, சில தலைகளே சென்ற சிற்றூரின் பெயர் இருந்தால் அருமை.

ஜோகூரின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1876இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் இரண்டு காசுத் தலையில், விக்டோரியா அரசியாரின் முகத்தின்மேல் பிறையும் விண்மீனும் பதித்து, அதனை இந்நாட்டுக்கு உரியதாக்கினர். 1884 முதல் ஜோகூர் என்னும் பெயரையே ஆங்கில எழுத்தில் பதித்தனர். 1891இல் சுல்தான் அபுபக்கரின் உருவந் தாங்கிய சொந்தத் தலை வந்தது. அவர் 1895இல் மறைந்தார். மகனார் இப்ராகிமின் முடிசூட்டைக் குறிக்க, 1896இல் அத்தலைகளின்மேலேயே முடிசூட்டு என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லைப் பதித்தனர்; அதில் ஓரெழுத்துப் பிழையான தலைகளுக்கு இன்று தனி மதிப்பு. 1942இல் ஜப்பானியர் வந்து, ஜோகூர்த் தலைகள் சிலவற்றின்மேல் தம் முத்திரையை இட்டனர். ஆட்சி மாறுந்தோறும் தலையெழுத்தும் மாறிற்று என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வோம்.

இவ்வளவும் அறிந்த நாம் செய்ததைக் கேளுங்கள். நம் தோட்டத்து லயத்தில் மகனோடு வாழும் முதிய அம்மையார் ஒருவர், தம் தகரப்பெட்டியிலிருந்து ஐந்தாறு பழைய உறைகளை எடுத்து நமக்குத் தந்தார். வேறு தோட்டத்துக்குப் பெயர்ந்துபோன அவருடைய அண்ணன், தகப்பனாருக்கு எழுதிய கடிதங்களின் உறைகள் அவை. 1949இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்த, சுல்தான் இப்ராகிமின் தலைகள் அவற்றில் இருந்தன. அன்றிரவே கத்தரித்தோம், நீரில் மிதக்கவிட்டுக் கழற்றினோம், உலர்த்தி ஏட்டில் வைத்தோம். உறைகளைக் குப்பையில் எறிந்தோம்.

ஓராண்டு சென்றது. அம்மையாரின் பேத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. அவர் நம் அலுவலக வாயிலுக்கு வந்தார்.

"கிராணித் தம்பி, அந்த உறைகளைக் கொஞ்சம் கொடுங்கள். அண்ணன் பிள்ளைகளைத் தேடிப் பத்திரிகை வைக்கவேண்டும். அவர் ஊர் அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் என்று அப்பா சொல்வார்."

நாம் வாயடைத்து நின்றோம். அம்மையார் எழுத்தறியாதவர். பத்திரமாக வைத்திருந்த கடிதங்களை நாம் படித்துப் பார்த்தோம். 'இவ்விடம் யாவரும் நலம்' என்றிருந்ததே தவிர, எவ்விடமென்று ஒன்றிலும் இல்லை. ஏட்டைப் புரட்டினோம். ஒரு தலையின் மூலையில் மட்டும் தபால் முத்திரையின் சிறு வளைவு எஞ்சியிருந்தது. அதில் எல், ஏ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். லாபிசாகவும் இருக்கலாம், லாயாங் லாயாங்காகவும் இருக்கலாம். மெக்சிகோவின் ஜில்லாப் பெயர்களை மனப்பாடம் செய்த நாம், அடுத்த லயத்து அம்மையாரின் அண்ணன் ஊரைக் கையில் வைத்திருந்தும் படித்தோமில்லை!

இரண்டு ஊர்களுக்கும் சென்று விசாரித்தோம். அக்குடும்பத்தை அறிந்தவர் எவரும் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்பிய நம்மைப் பார்த்து, "விடுங்கள் தம்பி, எல்லாம் தலையெழுத்து" என்றார் அம்மையார். அவர் பெருந்தன்மையாற் சொன்னது அது. தலையெழுத்தன்று, நம் கைப்பிழை.

திருமணம் நடந்தேறியது. அண்ணன் மக்களுக்கென்று எடுத்துவைத்த பத்திரிகை இன்னும் அந்தத் தகரப்பெட்டியில் இருக்கின்றது. அதன் உறையின்மேல் பெயர் உண்டு, ஊர் இல்லை.

தோட்டத்து அன்பர்களே, நகரத்து நண்பர்களே! உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் இத்தகைய உறைகள் கிடக்கலாம். நம்போன்ற பித்தர் வந்து கேட்டால், தலையை மட்டும் கத்தரித்துக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உறையின் இருபுறமும் படியுங்கள்; படிக்கத் தெரியாதார்க்குப் படித்துச் சொல்லுங்கள்; அவ்வூரையும் பெயரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அரசர் முகத்தைக் காக்க உலகெங்கும் ஆளுண்டு. நம் பாட்டன் இருந்த ஊரின் பெயரை நாமன்றி வேறு யார் காப்பார்?