சிலும்பியும் தண்ணீர் பாட்டிலும்

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கஞ்சா என்றால் சாமியார் கையிலிருக்கும் மண் சிலும்பிதான். புகை நெஞ்சைக் கெடுத்தது அப்போதும்தான். ஆனால் சூளையில் வெந்த மண் கங்குக்கு அசையாது.

இப்போது பையன்கள் வீட்டில் கிடைப்பதைக் கொண்டு ஒப்பேற்றுகிறார்கள். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் 80 டிகிரி வாக்கிலேயே தளரும். கங்கின் சூடோ 600-க்கு மேல். பிவிசி குழாய் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். ஈரத் தொண்டையில் பட்டால் அது அமிலம். ஜிஐ குழாயில் இருப்பது துத்தநாகப் பூச்சு. (பிரெஞ்சில் படித்தவன், எனக்கு இன்றும் 'ஸேங்க்' என்றுதான் வாயில் வருகிறது.) அது கடுமையாகச் சூடேறிப் புகைந்தால் என்னவாகும் என்று வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள், சாயந்திரம் குளிர் ஜுரம் தூக்கிப்போடும். தண்ணீர் வழியாக இழுத்தால் விஷம் நின்றுவிடும் என்பதும் வீண் நம்பிக்கை. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் தங்காது.

இதையெல்லாம் தேடிப் படித்தது எங்கள் தெரு அம்மா ஒருவருக்காக. மகன் அலமாரியில் அப்படியொரு பாட்டிலைக் கண்டு, பையில் மறைத்து எடுத்து வந்தார். பையனுக்கு ஒரு மாதமாக இருமல்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசு வருமா அண்ணே?"

அவருக்கு அந்தப் பயம்தான் பெரிது. 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு. எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முதலில் இருமலைப் பற்றி மட்டும் பேசுங்கள், பாட்டில் பேச்சு அப்புறம் என்றேன்.